எழுதிக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்து நான்கு வருடமாக அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். எனக்கு இது ஆறாம் மாதம், முதல் குழந்தை. “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள், பிறகு புதிதாகச் சேர்த்துக்கொள்கிறோம்” என்கிறார் சூப்பர்வைசர். மறுமணத்தில் மூன்றாவது குழந்தை பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியைக்குப் பிரசவ விடுப்பு உண்டென்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு எந்தக் கோர்ட்?

வாசகி, பேரணாம்பட்டு

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

கூலிப் பெண்களுக்காகவும் நீதிமன்றம் பேசியிருக்கிறது. கோவை மாவட்டத் தோட்டத் தொழிலாளி ஒருவர் 1967-ல் குழந்தை பெற்றபோது, அப்போதிருந்த 12 வாரப் பிரசவ விடுப்புக்கு ஞாயிறுகளைக் கழித்து 72 நாள் கூலிதான் என்றது நிர்வாகம். 84 நாளுக்கும் வேண்டுமென்று அவர் தொழிலாளர் நீதிமன்றம் போக, அந்த 12 நாள் கூலிக்கான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 1977-ல் அவர் பக்கம் தீர்ந்தது. பச்சை உடம்புக்காரிக்கு ஞாயிறன்று மட்டும் பசிக்காதா? டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டென்று 2000-ல் தீர்ப்பு வந்தது. அதற்காகப் போராடியது அவர்களுடைய தொழிற்சங்கம்.

உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்குச் சந்தா சேர்ந்திருந்தால், 26 வாரக் கூலியை இ.எஸ்.ஐ. கழகமே தரும், கம்பெனியின் கைப்பணம் போவதில்லை. கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்திருந்தாலும் சந்தா கட்டும் முதல் பொறுப்பு கம்பெனிக்கே. அப்படியிருந்தும் ஏன் ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்? சர்வீஸ் அறுபட வேண்டும் என்பதற்காகவே என்று நான் நினைக்கிறேன். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) பொதுவாக ஐந்து வருடத் தொடர்ச்சி வேண்டும். உங்களுக்கு நான்கு முடிந்திருக்கிறது. பிரசவ விடுப்பு அந்தத் தொடர்ச்சிக்குள் அடங்கும், ராஜினாமா அதை அறுத்துவிடும்.

என் அக்காவும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். வீங்கிய காலோடு எட்டாம் மாதம்வரை பெடல் மிதித்தவள், குழந்தைக்கு மூன்று மாதமானதும் புது ஆளாக, புது ஆளின் கூலிக்குச் சேர்ந்தாள். ஒன்பது வருட உழைப்பு ஒரு கையெழுத்தில் போயிற்று. ‘விருப்பப்பட்டு விலகுகிறேன்’ என்று அவள் கைப்படவே எழுதியிருந்ததால், எந்த வக்கீலும் வழக்கை எடுக்கத் துணியவில்லை.

ஆகவே விடுப்பு விண்ணப்பத்தை எழுதி, நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகையுடன் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் அனுப்புங்கள். மறுத்தால், வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சம்பளச் சீட்டுகளோடு போங்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம்.