அஞ்சலிப் பெட்டி அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கதை

கேள்வி: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழும் மலையாளமுமாக ஊர்ச் செய்தித் தளம் நடத்துகிறேன், வேர்ட்பிரஸில். கண்ணீர் அஞ்சலிக்கென்று குரூப் பிளாக்கில் (எழுத்தையும் படத்தையும் ஒன்றாக வைக்கும் பெட்டி அது) கறுப்புக் கரை போட்ட ஸ்டைல் ஒன்று சேர்த்திருந்தேன். பகுதிநேரப் பையன் அதை ஓர் அறுபதாம் கல்யாண வாழ்த்தில் போட்டுவிட்டான். வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அஞ்சலிப் பதிவில் மட்டும் தெரியட்டும் என்று கண்டிஷன் போட்டேன், எங்குமே தெரியாமல் போயிற்று. பிளகின் எழுதித் தர ஒருவர் பதினைந்தாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பத்து வரி வேலை இது.

நீங்கள் அனுப்பிய கோடைப் பார்த்தேன். 'இனிட்' ஹூக்குக்குள், அதாவது வேர்ட்பிரஸ் கிளம்பும் கட்டத்திலேயே, 'ஈஸ் சிங்குலர்' (இது தனிப் பதிவுப் பக்கமா) என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பதிவு திறக்கப் போகிறது என்று அந்த நேரத்தில் வேர்ட்பிரஸுக்கே தெரியாது. கோவை பஸ் வேலந்தாவளம் தாண்டுமுன்னே 'கொழிஞ்சாம்பாறை வந்தாச்சா' என்று கேட்டால் கண்டக்டர் என்ன சொல்வார்? போதாததற்கு, 'ஈஸ் சிங்குலர்' கேள்வி வாசகர் பார்க்கும் பக்கத்துக்கு உரியது. எடிட்டர் திரையில் அதற்கு வேலையே இல்லை.

அஞ்சலியைத் தனிப் போஸ்ட் டைப்பாக (பதிவு வகையாக) வைத்திருக்கிறீர்கள், நல்லதாயிற்று. இனிட்டில் எழுதியதை எடுத்துவிடுங்கள். ஸ்டைலைப் பதிவு செய்யும் வரியை ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில் வையுங்கள். எடிட்டர் திறக்கும்போது ஓடும் 'என்கியூ பிளாக் எடிட்டர் அசெட்ஸ்' ஹூக்கில், 'கெட் கரன்ட் ஸ்கிரீன்' தரும் போஸ்ட் டைப் அஞ்சலியா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் அந்த ஃபைலை ஏற்றுங்கள். அவ்வளவுதான்.

கறுப்புக் கரைக்கான சிஎஸ்எஸ்ஸை (தோற்றத்தைச் சொல்லும் வரிகளை) மட்டும் எந்தக் கண்டிஷனுக்குள்ளும் வைக்காதீர்கள். இதில் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். போஸ்ட் டைப்புக்குப் பதில், 'எடிட்டர் பதவியில் இருப்பவருக்கு மட்டும்' என்று சிலர் கண்டிஷன் போடுவார்கள். இனிட்டில் அது வேலை செய்யும். ஆனால் ஸ்டைலோடு சேர்த்தே, 'இன்லைன் ஸ்டைல்' என்று, சிஎஸ்எஸ்ஸையும் கொடுத்திருப்பார்கள். லாகின் செய்த உங்களுக்குக் கரை அழகாகத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து போனில் பார்ப்பவர் லாகின் செய்யாதவர். அவருக்கு ஸ்டைலே பதிவாகாது, சிஎஸ்எஸ்ஸும் போகாது, வெறும் எழுத்துதான் தெரியும். 'எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது' என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். சிஎஸ்எஸ் தீமின் (தளத்தின் தோற்றத் தொகுப்பின்) ஸ்டைல் ஃபைலில் எப்போதும் இருக்கட்டும். எடிட்டரில் ஒளித்துவைப்பது தேர்வு செய்யும் பொத்தானை மட்டும்தான்.

வேர்ட்பிரஸ்காரர்களைச் சொல்ல வேண்டும். பிளாக் எடிட்டர் 2018-இல் வந்தது. பிஎச்பியில் (சர்வரில் ஓடும் மொழி) ஸ்டைல் பதிவு செய்யும் வழியை 2019-இல் 5.3-இல் தந்தார்கள். 2024-இல் 6.6 வந்தபோது தீம் ஜேசன் என்ற தீமின் அமைப்பு ஃபைல் வழியாகவும் செய்யலாம் என்றார்கள். ஜாவாஸ்கிரிப்டில் பதிவானதை பிஎச்பியில் நீக்க முடியாது. ஒரே ஆபீஸில் மூன்று கவுண்டர், ஒன்றில் கொடுத்த மனு அடுத்ததற்குத் தெரியாமல் போகலாம்.

பதினைந்தாயிரக்காரருக்கு வருவோம். இப்படி ஒருவர் செய்த தளத்தை நான் சரிசெய்திருக்கிறேன்: தாய் தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலிலேயே எழுதிவிட்டுப் போயிருந்தார். தீம் அப்டேட் ஆனதும் எல்லாம் காலி. மறுபடி கூப்பிட்டால் மறுபடி பில். நீங்கள் கோடையும் சிஎஸ்எஸ்ஸையும் சைல்டு தீமில், அதாவது தாய் தீம் அப்டேட் ஆனாலும் அழியாத துணைத் தீமில், எழுதுங்கள். அட்மின் பாஸ்வேர்டை யாருக்குக் கொடுத்திருந்தாலும் இன்றே மாற்றுங்கள்.

இந்தக் கண்டிஷன் பழைய பதிவைத் தொடாது. அந்த அறுபதாம் கல்யாணப் பதிவில் ஸ்டைல் பொத்தான் இனி தெரியாது, கரை மட்டும் நிற்கும். குரூப் பிளாக்கைத் தேர்ந்து, வலப்பக்கம் 'அட்வான்ஸ்டு' திறந்தால் கூடுதல் சிஎஸ்எஸ் கிளாஸ் என்ற கட்டத்தில் 'ஈஸ் ஸ்டைல் அஞ்சலி' என்று கிடக்கும். அதை அழித்து அப்டேட் கொடுத்துவிட்டு, அந்த வீட்டாருக்கு ஒரு போன் போடுங்கள்.