பொன்னிறக் கல் தூளாக உதிர்வது பற்றி

களுவாஞ்சிகுடிப் பாடசாலை அலுமாரியில் வைத்த கற்களில் பொன்னிறக் கல் மட்டும் வெள்ளை மஞ்சள் தூள் கக்குகிறது, கழுவக் கழுவக் கூடுகிறது என்றீர்கள். கழுவுவதை முதலில் நிறுத்துங்கள். கல்லைத் தனியே எடுத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அது பெரும்பாலும் பைரைட்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகமாக ஒட்சியேறி, சல்பூரிக்கமிலத்தையும் இரும்புச் சல்பேற்றையும் விடும். கடலும் வாவியும் இருபக்கமும் உள்ள ஊரில் அது எந்நாளும் தாண்டும். கல்லின் கீழே இருந்த, அதன் விவரம் எழுதிய சிட்டை கருகியதும் அந்த அமிலத்தால்தான்.

இரசாயன ஆய்வுகூடத்தில் நீலப் பாசிச்சாயத்தாள் (லிட்மஸ் தாள்) வாங்கி, நனைத்துத் தூளில் தொடுங்கள். சிவந்தால் பைரைட்டுச் சிதைவு. சிவக்காவிட்டால், கடற்கரையில் பொறுக்கிய கல்லில் பூத்த வெறும் உப்பாக இருக்கலாம்.

சரி, சிட்டை? அதை இன்றே வேறு தாளில் பிரதி எடுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாவிட்டால் எந்தக் கல்மாதிரியும் வெறும் கல்தான். அருங்காட்சியகக் காப்பாளர் வேலைக்குப் போக ஆசை என்று எழுதியிருந்தீர்களே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் (பாறை, கனிமம் பற்றிய படிப்பு) படிக்கலாம். ஆனால் அந்த வேலையில் பாதி இப்படிச் சிட்டையோடும் ஈரத்தோடும் மல்லுக்கட்டுவதுதான்.

ஒன்று: ஏற்கனவே உதிர்ந்தது திரும்ப ஒட்டாது. டப்பா வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திவிட்டு மீண்டும் போடுங்கள். தூளை வெறுங்கையால் தொடவேண்டாம்.