தாலியும் இல்லை, பதிவும் இல்லை: எனக்கு என்ன உரிமை?

கேள்வி: நானும் அவரும் ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஃபிளாட் அவர் பெயரில் இருக்கிறது, இ.எம்.ஐ.யில் பாதியை நான் தருகிறேன். மனைவிக்குள்ள உரிமை எனக்கு உண்டா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தால் தானாக மனைவி ஆகிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஓர் ஆண்டுக்கணக்கு சட்டத்தில் கிடையாது. சேர்ந்து வாழ்வது குற்றமல்ல, திருமணமும் அல்ல.

அவர் இருக்கும்வரை ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பொருந்தும். அடித்தாலோ வீட்டைவிட்டுத் துரத்தினாலோ பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்து, அதே வீட்டில் இருக்கும் உரிமையும் ஜீவனாம்சமும் கேட்கலாம். ஆனால் வேலுசாமி வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, இருவரும் மணமுடிக்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது. மனு அடிபடும் இடம் இதுதான். அவருக்கு முதல் திருமணம் நடந்திருந்தால், பஞ்சாயத்தில் எழுதிய விடுதலைப் பத்திரத்தை நம்பாதீர்கள். கோர்ட் விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எங்களுக்குப் பெரிய கவலை, அவர் காலத்துக்குப் பிறகு உங்கள் நிலை. அவர் இந்துவாக இருந்து, உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோரே முதல்நிலை வாரிசுகள். பிள்ளைகள் இல்லையென்றால் ஃபிளாட் முழுவதும் அவருடைய அம்மாவுக்குப் போய்விடும். நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தம்பதி என்று நீதிமன்றம் அனுமானிப்பது உண்டு. திருமணம் நடக்கவில்லை என்று நீங்களே சொல்லும்போது அந்த அனுமானம் நிற்காது. வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பதும் போதாது. நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்.

அதனால் முதலில் உயில். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. அவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட, அவர்களும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் சாட்சியாக இருக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், பின்னால் 'பொய் உயில்' என்று கிளம்புகிறவர்களுக்கு அது பதில். அடுத்து, உங்கள் பங்குப் பணத்தை ரொக்கமாகத் தராதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து கடன் கணக்குக்கே போகட்டும்.

ஃபிளாட்டில் பாதியை இப்போதே செட்டில்மென்ட்டாக (பணம் வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதித் தரலாமா என்றால், வங்கியின் சம்மதம் வேண்டும், செலவும் அதிகம். மனைவிக்கு எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வெளியாள் கணக்கில் 7 சதவீதம்.

கேள்வி: இனி மணம் செய்ய நினைத்தால் எளிய வழி எது?
- அதே வாசகி

பதில்: இருவரும் இந்துக்கள் என்றால் சுயமரியாதைத் திருமணம். உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும்; புரோகிதர் தேவையில்லை. 90 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். வேறு மதத்தவர் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம்: 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.