தம்பி குரூப் ஹோமில் இருக்கிறான். நாங்கள் எவ்வளவு நெருங்கலாம்?

கேள்வி: மனச்சிதைவு நோய் உள்ள என் தம்பி (34) எட்டு மாதமாகச் சென்னையில், மனநோய் உள்ள ஐந்து பேர் பராமரிப்பாளரோடு தங்கும் ஒரு குரூப் ஹோமில் இருக்கிறான். மாதம் ஒருமுறை அம்மாவும் நானும் ராத்திரி பஸ் ஏறிப் போய் நாள் முழுக்க அவனோடு இருக்கிறோம். மத்தியானத்துக்கு மேல் எரிந்து விழுகிறான். நாங்கள் திரும்பியபின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். போகாமலே இருந்துவிடலாமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: போங்கள், ஆனால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இருட்டும் வரை முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருப்பது சேர்ந்து வாழும் வீட்டிலேயே நடக்காத காரியம்.

1950களில் லண்டனில் சமூக ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த ஆண்களைக் கவனித்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர்களோடோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். குறை சொல்வது, வெறுப்பு, அளவு மீறிப் பொத்திப்பொத்திக் காப்பது: இவை உள்ள வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தால் நோய் திரும்புவது அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. “ஏன்டா இளைச்சுட்டே? பல் தேய்ச்சியா? இந்தச் சட்டையை இன்னுமா போட்டிருக்கே?” அம்மாவுக்கு இது பாசம், தம்பிக்கு விசாரணை.

காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் போதும். நடுவில் நீங்கள் வேறு எங்காவது இருங்கள். சந்திப்பில் ஒரு வேலை இருக்கட்டும்: செருப்பு வாங்கப் போகலாம், முடி வெட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது பேச்சு தானாக வரும். முறுக்கு கொண்டுபோனால் ஐவருக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அவருக்கு மட்டும் ஒரு டப்பா என்றால் அன்று ராத்திரியே சண்டை. அடுத்த தேதியை அவர் கையாலேயே காலண்டரில் குறிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கல்யாணம், சொத்து, “எப்ப வீட்டுக்கு வரே” மூன்றும் வேண்டாம்.

கேள்வி: குரூப் ஹோமில் இருக்கும் என் அண்ணனுக்கு மருந்து மாற்றினார்களா என்று அங்கே கேட்டால் ‘அவர் சம்மதம் வேண்டும்’ என்கிறார்கள். கூடப்பிறந்த எனக்கே மறைக்கலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவருக்கு ரகசியம் காக்கும் உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் விலக்கு உண்டு. 14ஆம் பிரிவின்படி அவர் உங்களை நியமனப் பிரதிநிதியாக்கலாம், அதாவது சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் தகவல் பெற்றுத் துணை நிற்பவராக: வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும், நீங்களும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் மாற்றிக்கொள்ளலாம், அதனால் வற்புறுத்தி வாங்காதீர்கள்.

பலரும் தவறவிடுவது ஒன்று: அவர்கள் சொல்லத்தான் தடை, உங்களிடமிருந்து கேட்கத் தடையில்லை. நோய் திரும்புமுன் அவரிடம் என்ன மாறும்? தூக்கம் முதலில் போகுமா, ரேடியோவை அணைத்துவிடுவாரா? ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் பேசுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் இல்லத்தில் எதையும் பொருட்படுத்த மாட்டார்கள்.

கேள்வி: பொங்கலுக்கு மூன்று நாள் அண்ணனை அழைத்து வருகிறோம். மாத்திரை விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: வர விருப்பமா என்று அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். மூன்று நாளுக்கு ஐந்து நாள் மாத்திரை வாங்குங்கள். திரும்பும்போது டிக்கெட் கிடைக்காமல் போவது சகஜம். பொட்டலமாக மடிக்காமல் ஸ்ட்ரிப்பாகவே வாங்கி, மருந்துச் சீட்டின் நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் மாத்திரை என்றால் கூடுதல் கவனம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். டாக்டரைக் கேட்டுச் சிறு அளவிலிருந்து ஏற்ற வேண்டும். மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியம் என்றால் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் ஆகாது. மூட்டுவலிக்கு வீட்டில் கிடக்கும் டைக்ளோபினாக், ஐப்யூப்ரோஃபன் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி, பேதி, கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

திரும்ப விடும்போது மீதி மாத்திரைகளைப் பராமரிப்பாளர் முன் எண்ணிக் கொடுங்கள். ஒரு வேளை தவறியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.