அவர் கற்றுக்கொள்ள என் துக்கமா?

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இரவு மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமே இல்லை. அனுபவமுள்ள உளவியலாளரிடம் கேட்டால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாம். கட்டணமும் எனக்குக் கட்டுப்படியாகாது. ஒரு பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் குறைந்த கட்டணத்தில் அடுத்த வாரமே நேரம் தருகிறார்கள். ஆனால் பேசப்போவது இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். பேச்சைப் பதிவும் செய்வார்களாம். அவர் கற்றுக்கொள்ள என் துக்கம்தான் கிடைத்ததா?

பதில்: போங்கள். அடுத்த வாரமே போங்கள். எட்டு மாதமாகத் தூக்கம் கெட்டவரை இன்னும் நான்கு மாதம் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் பயிற்சியில் இருந்தபோது, கணவரை இழந்த ஒரு பெண்மணி வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). முதல் அமர்வின் பதிவை என் மேற்பார்வையாளருடன், அதாவது என் வேலையைக் கவனித்து வழிநடத்திய மூத்த உளவியலாளருடன், உட்கார்ந்து கேட்டேன். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கே அவர் மௌனமானார். நீ ஏன் உடனே பேசினாய்?" என்று கேட்டார். பயத்தில்தான் பேசியிருந்தேன். அடுத்த வாரம் அதே மௌனம் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. நீண்ட நேரம் கழித்து, கணவரின் கடைசி இரவில் தான் மருத்துவமனையில் இல்லாததைச் சொல்லி அழுதார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். பதிவு இல்லாமல் போயிருந்தால், அந்த வாரமும் நான் பேசியே கெடுத்திருப்பேன்.

1940களிலேயே அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, அவற்றைக் கொண்டு மாணவர்களுக்குக் கற்பித்தார். ஆனாலும் பதிவுக்கு உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். யார் யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் எளிது. மாணவர்கள் பட்டம் பெற இத்தனை மணி நேரம் நேரடியாகச் சிகிச்சை அளித்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நேரம் அவர்களுக்கும் தேவை. புதிய மாணவர்கள் சேரும்போது அவர்களுடைய நாட்குறிப்பு காலியாக இருப்பதால் இடமும் சீக்கிரம் கிடைக்கிறது. 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கிய முதல் உளவியல் சிகிச்சையகத்திலேயே சிகிச்சையும் கற்பித்தலும் ஒன்றாகத்தான் நடந்தன.

என் கவலை வேறு. பயிற்சிக்காலம் முடிந்ததும் அந்தப் பெண் போய்விடுவார். அப்பாவை இழந்திருக்கும் உங்களுக்கு அது இன்னொரு பிரிவு. ஆகவே எந்த மாதம் வரை இருப்பார், அதன்பின் யார் பார்ப்பார் என்று முதல் நாளே கேளுங்கள். மேற்பார்வையாளர் யார், வாரந்தோறும் அந்தப் பெண் அவரைச் சந்திக்கிறாரா என்றும் கேளுங்கள். மழுப்பினால் வேறு மையம் தேடுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டாலோ அமர்வு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து தேவைப்பட்டாலும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

போகும்போது ஒரு தாளை எடுத்துச் செல்லுங்கள். மூன்று மணி விழிப்பில் அப்பாவைப் பற்றி என்ன நினைவு வருகிறதோ, அதை அதில் எழுதி வையுங்கள். முதல் நாள் பெரும்பாலும் படிவங்களிலும் கேள்விகளிலுமே போய்விடும். இரண்டாம் நாள் அந்தத் தாளிலிருந்து பேசத் தொடங்கலாம்.