சென்னையில் கொரிய, ஜப்பானியச் சாப்பாட்டைப் புதிதாக ருசிக்க நினைப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு மாலில் சூஷி (புளிப்புச் சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீன் வைத்தது) சாப்பிட்டீர்கள், பிடிக்கவில்லை, இதெல்லாம் சும்மா படம் காட்டுவதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். சூஷியில் ஆரம்பித்ததுதான் கோளாறு. நம் சாப்பாடே தெரியாத ஆளை உட்கார வைத்து முதல் கரண்டியிலேயே வேப்பம்பூ ரசம் ஊற்றினால் எப்படி இருக்கும்? கொரியச் சாப்பாட்டில் ஆரம்பியுங்கள். அதிலும் பெரிய அயிட்டங்களை விட்டுவிட்டு, தொடுகறியில் ஆரம்பியுங்கள். ஜப்பானுக்கு அப்புறம் போகலாம்.

இதைச் சொல்கிற நான் நகரவாசி இல்லை. கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை எங்கள் ஊர். அப்பா பூண்டு, கேரட் போடுகிறவர். தங்கை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரிய உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். எனக்குத் தெரிந்தது முக்கால்வாசி அவள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 98-இல் சான்ட்ரோ வெளிவந்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள், குடும்பங்கள், அவர்களுக்குச் சமைக்க ஆட்கள் என்று வந்து சேர்ந்தார்கள். சென்னைக் கொரியச் சாப்பாடு நம்மைப் பார்த்துத் திறந்த கடை இல்லை. ஊர் ஏக்கத்தில் இருந்தவர்களுக்காகத் திறந்தது. அதனால்தான் நன்றாக இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் கொரிய எழுத்து மட்டும் போட்ட பலகை தெரிந்தால் தைரியமாக உள்ளே போங்கள்.

போன வருடம் முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க அப்பா சென்னை வந்திருந்தார். தங்கை எங்கள் இரண்டு பேரையும் அப்படி ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். வீட்டை மாற்றிக் கடையாக்கியிருந்தார்கள். மேசை நடுவில் அடுப்பு, மேலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு புகைக்குழாய். உட்கார்ந்ததுமே சின்னச் சின்னக் கிண்ணமாகக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தார்கள். கிம்ச்சி (மிளகாய், பூண்டு போட்டுப் புளிக்கவைத்த முட்டைகோஸ்), எள்ளெண்ணெயில் பிரட்டிய முளைப்பயறு, கீரை, முள்ளங்கி, சர்க்கரைப் பாகில் புரட்டிய நெத்திலி. எண்ணினேன், ஒன்பது. "நாம இன்னும் ஒண்ணும் கேக்கலையே பாப்பா, இதுக்கெல்லாம் காசு போட்டுருவான்" என்று அப்பா நெளிந்தார். இதன் பெயர் பான்ச்சான். சாப்பாட்டோடு சேர்ந்தது, தனிக் காசு கிடையாது. தீர்ந்தால் இன்னும் வைப்பார்கள். நம் கல்யாணப் பந்தியில் கூட்டும் பொரியலும் கேட்டு வாங்குகிற மாதிரிதான்.

அப்பா பன்றிக்கறி தொடமாட்டார், கோழி சொன்னோம். பரிமாறிய கொரிய அம்மா கறியை அடுப்பில் போட்டு, வெந்ததும் கத்தரிக்கோலால் வெட்டினார். துணி வெட்டுகிற கத்தரிக்கோல் போலவே இருந்தது. அப்பாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. கறியை லெட்டூஸ் இலையில் வைத்து, மேலே கொஞ்சம் சோறு, புளித்த சோயா விழுது, ஒரு பச்சைப் பூண்டுத் துண்டு வைத்து மடித்து ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு ஸ்ஸாம் என்று பெயர். நான் இரண்டு தடவை சட்டையில் சிந்தினேன். அப்பா முதல் தடவையே கச்சிதமாக மடித்தார். நாற்பது வருடம் வெற்றிலை போட்ட விரல்.

அப்புறம் அந்தப் பூண்டுத் துண்டை எடுத்து முகர்ந்தார். "சப்புனு இருக்கு. நம்ம பூண்டு இல்ல." தங்கை வீட்டுக்கென்று கொண்டுவந்திருந்த பை காலடியிலேயே இருந்தது. புகையில் காய்ந்த மலைப்பூண்டு, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டுதான். ஒரு கட்டைப் பிரித்து ஒரு பல்லை உரித்து அந்த அம்மாவிடம் நீட்டினார். தங்கை அவரை "இமோ" என்று கூப்பிடுவாள். அம்மாவின் கூடப்பிறந்தவளைச் சொல்கிற சொல்லாம், நம் சித்தி. அங்கே உணவகங்களில் அப்படிக் கூப்பிடுவது சகஜம். (அப்பா, அம்மா இரண்டு மொழியிலும் ஒன்று என்பதைப் பற்றிப் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள், நான் விட்டுவிடுகிறேன்.) இமோ பச்சையாகவே கடித்தார். இரண்டு நொடி கழித்து "மேவோ, மேவோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரம் என்று அர்த்தமாம். கை மட்டும் அடுத்த பல்லுக்கு நீண்டது.

அப்பா பையோடு கொடுத்துவிட்டார், தங்கைக்குக் கொண்டுவந்ததை! காசு வாங்க மறுத்ததால், கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய கிம்ச்சி வந்தது.

மறுநாள் இரவு கொடைக்கானல் பேருந்தில் அந்த டப்பா என் மடியில். வத்தலக்குண்டு வரை சமர்த்தாக இருந்தது. மலையேற ஏற மூடி உப்ப ஆரம்பித்தது. டம்டம் பாறை தாண்டும்போது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊத்துப் பக்கம் ஒரு வளைவில் 'டப்' என்று மூடி பறந்தது. விடியற்காலை, கண்ணாடி எல்லாம் அடைத்த வண்டி. பின்சீட்டுப் பெரியவர் எழுந்து, "எவன்டா கருவாட்டைத் தொறந்தது?" என்றார். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். அந்தக் குளிரில் எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

கிம்ச்சி உயிருள்ள சாமான். முட்டைகோஸில் உள்ள பாக்டீரியா அதன் சர்க்கரையைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கூடவே, இரண்டாயிரம் மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். முக்கால் டப்பா மட்டும் நிரப்புங்கள், நடுவில் ஒரு தடவை திறந்து மூடுங்கள்.

இப்போது நானே போடுகிறேன். கொரியர்கள் நீள முட்டைகோஸில் போடுவார்கள், எங்கள் காட்டு உருண்டைக் கோஸும் முள்ளங்கியும் எனக்குப் போதும். கல் உப்பில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து அலசி, ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதில் பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள், கொஞ்சம் புளிக்கவைத்த மீன் சாறு (ஃபிஷ் சாஸ்) கலந்து பிசைய வேண்டியதுதான். நம் குண்டூர்த் தூளைப் போட்டுவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். அவர்களுடைய மிளகாய்த்தூள் கொச்சுகாரு, நிறம் நிறைய, காரம் குறைவு. கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாயை விதை எடுத்துப் பொடிக்கலாம். தங்கை வீட்டில் வெளியே ஒரே ராத்திரி வைத்தால் புளித்துவிடும். எங்கள் ஊர்க் குளிரில் நான்கைந்து நாள் ஆகும். மெதுவாகப் புளித்ததுதான் எனக்கு ருசி. இது தங்கையோடு தீராத சண்டை.

சரி, ஜப்பான். எனக்கு ஜப்பான் என்றால் கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலையில் இருக்கும் ஜென் தியான மையம் போதி ஜென்டோவின் தோட்டம்தான் தெரியும். அந்த அமைதியேதான் சாப்பாட்டிலும் இருக்கிறது, அதனால் முதலில் ஒட்டவில்லை. மிசோ என்கிற புளித்த சோயா விழுது கரைத்த சூப்பைக் குடித்துவிட்டு உப்புத்தண்ணி என்று ஒதுக்கினேன். மூன்றாவது தடவைதான் அடியில் ஒரு ருசி பிடிபட்டது. கொம்பு என்கிற கடற்பாசியும் காய்ந்த சூரை மீன் சீவலும் போட்டு எடுத்த சாறு அது. 1908-இல் கிகுனே இகெதா என்ற வேதியியலாளர் அந்தப் பாசியிலிருந்துதான் உமாமி என்ற ருசியைப் பிரித்துக் காட்டினார். தக்காளியை நன்றாகச் சுண்டவிட்டால் வருகிற ருசிக்கும் இதுதான் காரணம். மதியம் போய் தெய்ஷோகு கேளுங்கள்: ஒரு தட்டில் சோறு, சூப், உப்புத் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தி, ஊறுகாய். மீனும் சோறும் நமக்குப் புதிதா என்ன. ஜப்பான் 'கரே ரைஸ்' மட்டும் வேண்டாம். வெள்ளைக்காரன் வழியாக அங்கே போன குழம்பு, இனிக்கும். குழம்பு விஷயத்தில் எனக்குப் பெருந்தன்மை கிடையாது.

மளிகைக் கடைகளில் எனக்குப் பிடித்தது ஒனிகிரி. சோற்றைப் பிடித்து நடுவில் மீனோ உப்பில் போட்ட உமெ என்கிற புளிப்புக் காயோ வைத்து, கடற்பாசித் தாளில் சுற்றியது. அதாவது கட்டுச்சோறு, ஊறுகாயை உள்ளேயே வைத்தாயிற்று. பாசித்தாள் நமுத்துப்போகாமல் இருக்கச் சோற்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை. மேலிருந்து நடுக் கீற்றை இழுத்து, இரண்டு ஓரத்தையும் உருவினால் மொறுமொறுவென்று தாள் சோற்றில் ஒட்டும். முதல் தடவை நான் பொட்டலம் பிரிக்கிற மாதிரிப் பிரித்துத் தாளைக் கிழித்துவிட்டேன்.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். கொரிய, ஜப்பானிய பாக்கெட்டுகளில் தேதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். 26.05.03 என்றால் 2026 மே 3. கெட்டுப்போனது என்று நினைத்து நான் திருப்பி வைத்ததெல்லாம் நல்ல சரக்கு. சைவமா என்று பார்க்க இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கரில் பச்சைப் புள்ளியைத் தேடுங்கள், காய்கறிப் படத்தை நம்பாதீர்கள். அப்புறம், மினிசோவை ஜப்பான் கடை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு: அது சீனாவின் குவாங்சோ நகரத்துக் கம்பெனி.

முதல் தடவை போகிறீர்கள் என்றால் ஞாயிறு மதியம் வேண்டாம். சர்ச் முடிந்து கொரியக் குடும்பங்கள் மொத்தமாக வருவார்கள், இடமும் கிடைக்காது, இமோவுக்குப் பேச நேரமும் இருக்காது. வார நாளில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போங்கள்.