பின்குறிப்பில் இருக்கிறது ஆய்வு

அன்புள்ள ஐயா,

வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் ஆலோசனைக் குழு முன் ஆய்வுத் திட்டவரைவை வைக்க வேண்டும். 'தமிழகத்தில் ஏரிப் பாசனம் – ஒரு வரலாற்றுப் பார்வை' என்ற தலைப்பில் 22 பக்கம் எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது சினாப்சிஸ் இல்லம்மா, கட்டுரை" என்று திருப்பித் தந்துவிட்டார். என்ன வித்தியாசம் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. சீனியர்கள் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதினேன். இத்துடன் இணைத்திருக்கிறேன். திட்டவரைவு எப்படித்தான் எழுதுவது?

பி.கு.: எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நான் பிறப்பதற்கு முன்னால் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தாராம். இப்போது யாரும் இல்லை. இதையும் எங்காவது சேர்க்கலாமா?

மீ.,
சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள மீ.,

22 பக்கத்தையும் படித்தேன். கரிகாலனில் கிளம்பி, உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தைத் தொட்டு, 2017-ல் அரசு மறுபடி கையிலெடுத்த குடிமராமத்து (ஊரார் சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் ஏற்பாடு) வரை வந்திருக்கிறீர்கள். தகவலில் பெரிய பிழை எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் படித்து முடித்தபோது உங்களுக்கு இனிமேல் கண்டுபிடிக்க என்ன பாக்கி என்று தெரியவில்லை. உங்கள் நெறியாளர் சொன்னதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

'கருதுகோள்' என்று தலைப்பு போட்டு, 'ஏரிகள் தமிழர் வாழ்வில் முக்கியப் பங்கு வகித்தன' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை என்று சண்டைக்கு வர யாராவது இருக்கிறார்களா? ஆய்வு முடிவில் பொய்யாகிப் போகவும் வாய்ப்புள்ள ஒன்றைத்தான் கருதுகோள் என்று எழுத முடியும். சீனியர்களைப் பார்த்து எழுதியதில் வந்த வினை இது. அவர்களும் அவர்களுடைய சீனியர்களைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரில் யாரும் அதை ஏரி என்று சொல்லமாட்டார்கள். நீங்களே பின்குறிப்பில் கண்மாய் என்றுதான் எழுதுகிறீர்கள். அந்த இரண்டு வரியில் உங்கள் சொல் வந்துவிட்டது, கேள்வியும் வந்துவிட்டது. எங்காவது சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். மற்ற 22 பக்கத்தை எடுத்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நீர்க்கட்டி மடையைத் திறந்து மூடுபவர். எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுபவர். கூலி பெரும்பாலும் களத்தில் அளக்கும் நெல். அவர் ஏன் இல்லாமல் போனார்? ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். போர்வெல் வந்தது, பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், கூலி கட்டுப்படியாகவில்லை. எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஒரு வரலாற்று மாணவி இவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1980 நவம்பரில் கர்ணம், மணியம் என்ற பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நீர்க்கட்டியின் இடம் அந்தப் பழைய நிர்வாகத்தோடு பிணைந்திருந்ததா, இல்லை அது ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்பவர்கள், தங்களுக்குள் வைத்துக்கொண்ட தனி ஏற்பாடா? பிணைந்திருந்தது என்றால் 1980-ஐ ஒட்டி ஏதாவது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் உங்கள் கருதுகோள் தோற்றது. தோற்றாலும் ஆய்வேடு ஆய்வேடுதான், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'மறைந்துபோன நீர்க்கட்டி மரபு' என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பல ஊர்களில் நீர்க்கட்டியாக இருந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். களத்தில் நெல்லுக்காக நின்றவருக்கு அந்த வேலை போனது இழப்பா, விடுதலையா? அவர் வீட்டில் ஒரு பதிலும், பெரிய வயல்காரர் வீட்டில் வேறு பதிலும் கிடைக்கும். எது சரி என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் அப்புறம் எதற்கு ஆய்வு?

சரி, சான்றுகள். திட்டவரைவில் நான் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 90-களில் நான் பதிவு செய்தபோது, ஒரு வட்டத்தின் கிராமக் கணக்குகளை 50 வருடத்துக்கு ஒப்பிடுவேன் என்று ஜம்பமாக எழுதி ஒப்புதலும் வாங்கிவிட்டேன். அலுவலகத்துக்குப் போனால் ரெக்கார்டு ரூம் கூரை ஒழுகி, பாதிக் கட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. கட்டை அவிழ்த்தால் கையில் மண்தான் உதிர்ந்தது. தேறியது 11 வருடக் கணக்கு. தலைப்பை மாற்ற மறுபடி குழு, மறுபடி கையெழுத்து என்று எட்டு மாதம் போனது. திட்டவரைவு எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருந்தால் போதும்.

எனவே முதலில் போய்ப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று அதில் இருக்கும். கண்மாய்ப் பாசனம் கிணற்றுப் பாசனமாக மாறிய வருடத்தை அதில் பிடிக்கலாம். அந்தக் கணக்குகள் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுப்படி இருக்கும், அது ஜூலை 1-ல் தொடங்கும். 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை பசலி 1390. அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பசலி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிடைப்பதை மட்டும் திட்டவரைவில் எழுதுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையிடம், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1948 சட்டத்தில் ஜமீன் ஒழியும் வரை உங்கள் பக்கம் பெரும்பாலும் ஜமீன் சீமை. ரயத்துவாரி, அதாவது விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டிய வட்டங்களுக்கு இருப்பது மாதிரியான பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) ஆவணங்களை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

ஊர்கள் மூன்று போதும். நீர்க்கட்டி இன்னும் இருக்கும் கண்மாய் ஒன்று, இல்லாமல் போனது ஒன்று, நீர்வளத்துறைக் கண்மாய் ஒன்று. மூன்றும் ஒரே வட்டத்தில் இருந்தால் நல்லது. உங்கள் சொந்த ஊரை எடுப்பதானால் அதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

முன்னாய்வுகள் பகுதியில் 31 நூல்களை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வந்த ஏழெட்டு போதும். அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் சொல்லுங்கள். ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடுகளைத் தேடியிருப்பீர்கள். ஷோத்கங்கோத்ரி என்று இன்னொன்று இருக்கிறது, அதில் திட்டவரைவுகளையே சேர்த்து வைக்கிறார்கள். வேறு யாராவது இதே தலைப்பில் பதிவு செய்திருக்கிறார்களா என்று அதிலும் பார்த்துவிடுங்கள். மதுரையில் தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டத்தினர் கண்மாய்களோடு பல வருடமாக வேலை செய்கிறார்கள். அவர்களிடமும் ஒருமுறை பேசலாம்.

இயல் பகுப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அது மாறிக்கொண்டேதான் இருக்கும். கால அட்டவணையில் மட்டும் ஒரு திருத்தம். 'ஏப்ரல், மே: களப்பணி' என்று போட்டிருக்கிறீர்கள். அப்போது கண்மாயில் ஆடு மேயும். வடகிழக்குப் பருவமழை பெய்து மடை திறக்கும்போது நீங்கள் கரையில் நிற்க வேண்டாமா? பெரியவர்களிடம் பேசக் கோடை நல்லது. ஆனால் ஜமாபந்தி, அதாவது வருடாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும் நேரத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய அடங்கல் கேட்டால் எரிந்து விழுவார். 2022 யுஜிசி விதிப்படி உங்களுக்குக் குறைந்தது மூன்று வருடம், மறுபதிவு செய்யாமல் அதிகபட்சம் ஆறு. அதில் எத்தனை மழைக்காலம் கையில் இருக்கிறது என்று எண்ணி அட்டவணை போடுங்கள்.

முதல் பத்தியை நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

'சிவகங்கை மாவட்டத்தில் ஒரே வட்டத்தைச் சேர்ந்த மூன்று கண்மாய்களில், 1970 முதல் 1990 வரை, மடையைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, யாரிடம் போனது என்பதை இந்த ஆய்வு அடங்கல் கணக்குகளையும் வாய்மொழிச் சான்றுகளையும் கொண்டு ஆராய்கிறது. 1980-ல் பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிந்தது இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்பது கருதுகோள்.'

இதைக் காப்பி அடிக்காதீர்கள், வருடங்கள் உங்களுக்குக் கிடைக்கும் கணக்கைப் பொறுத்து மாறும். மொத்தம் எட்டுப் பக்கத்துக்குள் முடித்து நெறியாளரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது என்ன வித்தியாசம் என்று கேட்டும்விடுங்கள். அந்த நீர்க்கட்டி உயிரோடு இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், எழுதுவதற்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள்.

அன்புடன்.